ஆலை மூடினால் ஊர் செய்யத்தக்கது

மழை பொய்த்தால் ஊர் கூடி ஆலோசிக்கிறோம். ஆலை மூடி, வேலை இழந்தவர் ஊர் திரும்பினாலோ, அதனை அவரவர் வீட்டுக் கவலையென விட்டுவிடுகிறோம். இது முறையன்று. ஆலைக் கூலியால் அடுப்பெரியும் வீடுகள் இன்று பல கிராமங்களில் உள்ளன. அக்கூலி நின்றால் ஊரின் வரவே குறைகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞருக்கும் பெண்களுக்கும் வேலை அளித்தது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. அவ்வாண்டிலேயே பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்று வெளியேறிவிட்டனர். அவ்வளாகத்தை வேறொரு நிறுவனம் ஏற்க முன்வந்த செய்தி 2019-இல்தான் வந்தது. கட்டடம் ஐந்தாண்டு காத்திருக்கும்; குடும்பம் ஐந்து மாதமும் காத்திராது. இந்த இடைக்காலத்தில் துணை நிற்பதே ஊராட்சியின் கடமை.

முதலாவது, கையொப்பமிடுமுன் ஆராய்தல். ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்தால், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, புதிய திறன் பெறுவதற்கென மேலும் 15 நாள் ஊதியத்தை 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர்க்கவும் வகை செய்கிறது. ஆனால் தாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தவர், சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்புக்கு உள்ளானவர் ஆகார். எனவே இரு வழியிலும் வரக்கூடிய தொகையைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று.

இரண்டாவது, ஓய்வூதிய உரிமையைக் காத்தல். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். அதற்குமுன் விலகுவோர் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரை செய்த பணி கணக்கில் நில்லாது. மாறாக, திட்டச் சான்றிதழ் பெற்று வைத்தால், பின்னர் வேறிடத்தில் சேரும்போது பழைய பணிக்காலமும் சேர்த்து எண்ணப்படும்.

மூன்றாவது, திறன் பதிவேடு. "ஆலையில் வேலை பார்த்தவர்" என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. கடைசல் இயந்திரம் ஓட்டியவரா, பற்றவைப்பவரா, மின்மோட்டார் பழுது பார்ப்பவரா, சரக்குக் கணக்கு வைத்தவரா என்று தனித்தனியே எழுதுக. பெண்களின் திறனையும் தவறாது எழுதுக. வீடு திரும்பிய பெண்ணின் தொழிலறிவை எவரும் கேளாமலே விடுவது பெரும் இழப்பு. பம்புசெட்டுப் பழுதும் அரிசி ஆலையும் ஓரிருவருக்கே இடம் தரும். ஏனையோர் பட்டியலை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும், அருகிலுள்ள தொழிற்பேட்டைகளுக்கும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவர் அனுப்ப வேண்டும். வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் நினைவூட்டுக.

நான்காவது, கைக்கு வந்த தொகையைக் காத்தல். அது விதைநெல் போன்றது. மொத்தத்தையும் ஆழ்துளைக் கிணற்றிலோ திருமணச் செலவிலோ போட்டவர், வட்டிக்கடைக்காரரின் வாசலில் நிற்க நேரிடும். ஆறு மாத உணவுச் செலவை முதலில் ஒதுக்குக. பழைய கடனில் வட்டி மிகுந்ததை அடுத்து அடைக்க. எஞ்சியதைக் கொண்டே பயிற்சியோ சிறுதொழிலோ தொடங்குக. சிறுதொழிலுக்கான கடனுதவி பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டுவதில்லை; ஒரு குறிப்பேடும், படித்த இரண்டு உறுப்பினரின் சில மாலைப்பொழுதும் போதும். மே 1-ஆம் நாள் தொழிலாளர் தினத்தன்று நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. வேலை இழந்து வந்தவரின் பெயர்களை அன்று சபையில் படித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். உழைத்த கை நெடுநாள் சும்மா இருந்தால் அது தன் தொழிலை மறக்கும். அதற்கு இடங்கொடாதிருப்பது ஊரின் பொறுப்பு.