போகமும் உபபோகமும் – குடிகாட்டை முன்வைத்து ஒரு பாடம்

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் குணவிரதங்கள் மூன்று. அவற்றில் ஒன்று போகோபபோக பரிமாணம். ஆசார்ய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையோ அதன் தமிழ் வடிவமாகிய அருங்கலச்செப்பையோ பயின்றோர் இதனை நன்கறிவர். ஒருமுறை துய்த்தபின் விடப்படுவது போகம், உணவு போல்வது. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம், உடை போல்வது. இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே விரதம். இப்பாகுபாட்டை நாம் மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறோம். இன்றைய நகர வாழ்வின் குப்பைச் சிக்கலை விளக்க இதனினும் கூரிய கருவி வேறில்லை என்பது நம் கருத்து.

குப்பை என்பது யாது? உபபோகமாய் இருக்கத்தக்க பொருளைப் போகமாக்கியதால் விளைந்த எச்சமே அதன் பெரும்பகுதி. மை நிரப்பி எழுதிய பேனா, தூக்கில் வாங்கிய எண்ணெய், ஈயம் பூசிப் பூசிப் பாட்டி முதல் பேத்தி வரை புழங்கிய பித்தளைப் பாத்திரம் ஆகியன உபபோகங்கள். அவற்றின் இடத்தில் இன்று எழுதி எறியும் பேனாவும் எண்ணெய்ப் பொட்டலமும் காகிதக் குவளையும் வந்துள்ளன. ஒருமுறை விற்றதை நூறுமுறை விற்கலாம் ஆதலின் வாணிகத்திற்கு இதில் ஆதாயம் மிகுதி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தடையும் உள்ளது, பையும் உள்ளது!

விலையில் சேராத செலவு எங்கோ ஓரிடத்தில் இறங்கியே தீரும். அது இறங்கிய ஊர்களுள் ஒன்று குடிகாடு.

கடலூர் நமக்கு அயலூர் அன்று. சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகத்தை நிறைவுசெய்த பாடலி, இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்பது வரலாற்றறிஞர் கொள்கை. அதற்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றின் அருகே உள்ளது குடிகாடு. 1980களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் முதலியவற்றுக்கான வேதிப்பொருள் ஆலைகள் வந்தன. ஆலைகள் பலவற்றின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பொதுக் குழாய் வழியே கடலில் விடுவதே வகுக்கப்பட்ட முறை. எடு, பயன்படுத்து, வெளியேற்று என்பதே அதன் சாரம். ஊர்மக்களின் கிணறும் காற்றும் கெட்டன. நாற்றத்திற்குச் சான்று கேட்கப்பட்டபோது, 2004இல் அவர்களே வாளியால் செய்த எளிய கருவியில் காற்றை முகந்து ஆய்வகத்திற்கு அனுப்பினர். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது கடலூர் பெற்றது 77.45. எழுபதைத் தாண்டினால் கடும் மாசுற்ற பகுதி என்பது அக்கணக்கு. 2021 மே 13 அன்று அத்தொழிற்பேட்டையின் ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

ஆலைகளை மட்டும் குறைகூறி நாம் விலகிவிட இயலாது. இத்தகைய ஆலைகளில் பிறப்பனவே நம் அலமாரியின் மாத்திரையும், சேலையின் சாயமும், நம்மவர் பலரின் வயல்களில் தெளிக்கப்படும் மருந்தும்.

நீரையே உபபோகமாக்க இயலுமா? இயலும் என்பதற்குத் திருப்பூர் சான்று. அங்குள்ள சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயநீர்த் தேக்கமாக்கியது. ஒரு சொட்டும் வெளியேறலாகாது என 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், நுண்சவ்வுகளால் நீரை வடித்தும் எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சியும், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரைச் சாயத்தொட்டிக்கே திருப்பித் தரலாயின. உப்பின் ஒரு பகுதியும் மீள்கிறது. ஆனால் இம்முறை மின்சாரத்தையும் விறகையும் மிகுதியாய் விழுங்குகிறது. பிரிக்க முடியாத கலப்புப்பும் சேறும் இன்னும் குவிந்துகிடக்கின்றன. பாவம் குறைந்தது, நீங்கவில்லை எனலாம்.

ஓர் ஆலையின் கழிவை மற்றோர் ஆலையின் மூலப்பொருளாக்குவது வேறொரு நெறி. டென்மார்க்கின் காலுண்ட்போர்க் நகரில் 1972இல் எண்ணெய் ஆலையின் வீண்வாயுவைச் சுவர்ப்பலகை ஆலை வாங்கி எரிக்கத் தொடங்கியது. பின்னர் மின்நிலைய நீராவி வீடுகளுக்கு வெப்பம் தந்தது. அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் நெய்வேலியின் பறக்கும் சாம்பல் செங்கல்லிலும் சிமெண்டிலும் சேர்கிறது.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளையும், இது போகமா உபபோகமா, உபபோகமாய் இருந்ததை நாம் போகமாக்குகிறோமா எனக் கேட்பதே இவ்விரதப் பயிற்சி. பழுது பார்க்க இயலாத பொருளை வாங்காதிருத்தலும், ஜினாலய விழாக்களில் காகிதத் தட்டை விடுத்து ஊர்ப் பொதுப் பாத்திரங்களை மீண்டும் எடுத்தலும் இதிலடங்கும். ‘தேய்ப்பதற்கு ஆளில்லை’ என்பர். உண்டவர் தத்தம் தட்டைத் தேய்த்தால் அக்குறை தீரும்.

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம், கால அளவுடன் ஏற்பது நியமம் என்று நூல் வகுக்கிறது. நியமத்திற்கு ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் என அளவுகளும் தரப்பட்டுள்ளன. வரும் தசலட்சணப் பருவத்தில் குடும்பத்தார் கூடியமர்ந்து, பாலிதீன் பையை ஒரு பட்சம், புத்தாடையை ஓர் அயனம் எனத் தத்தமக்கு இயன்ற அளவை எழுதிவைக்கலாம்.