நடப்பார்க்கு உரிய தெரு

நாள்தோறும் நாம் செய்யும் செயல்களுள் நடத்தலினும் எளியது பிறிதொன்றில்லை. தளர்நடைக் குழந்தை முதல் கோலூன்றும் முதியோர் ஈறாக யாவரும் பொருட்செலவின்றிச் செய்தற்குரியது அது. அங்ஙனமாகவும், நகரத் தெருக்களில் நடத்தல் இந்நாளில் உயிர்க்கு அச்சம் விளைக்கும் செயலாய்விட்டது. இதற்குக் காரணம் யாது, தீர்க்கும் வழி யாது என்பவற்றை, நம் மதுரையின் தென்பாலுள்ள வில்லாபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தெற்குவாசலிலிருந்து இருப்புப்பாதையின் மேலுள்ள பாலத்தைக் கடந்து தெற்கே செல்வார் வில்லாபுரத்தை அடைவர். அவனியாபுரத்திற்கும் விமான நிலையத்திற்கும் செல்லும் வண்டிகள் அவ்வழியே போவன. பள்ளி தொடங்கும் காலை வேளையில் அச்சாலையோரம் நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகும். பேருந்து நடுவிற் செல்லும். அதன் இருமருங்கும் ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் இடைவெளி தேடி நுழையும். எஞ்சிய ஓரத்தில் சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர் மிதிவண்டியிற் செல்வர். நிறுத்தி வைத்த வண்டிகள் அவ்வோரத்தையும் அடைத்துக்கொள்ளும் இடங்களில், நடப்பாரும் மிதிவண்டியாளரும் நடுச்சாலைக்கு இறங்கியே தீரவேண்டும். அங்ஙனம் இறங்கி நடக்கும் அச்சில அடிகளிலேதான் இடர் உறைகின்றது.

விபத்து நிகழ்ந்தவிடத்து, ‘பார்த்து நடக்கலாகாதா?’ என்பதே உலகத்தார் முதலிற் கூறும் சொல். ‘இருபுறமும் நோக்கிக் கட’ என்றே நாம் அனைவரும் இளமையிற் கற்பிக்கப்பட்டோம். அறிவுரை நன்றே, ஆயினும் அது போதுமோ? 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறும். அவருள் ஏறக்குறைய ஐவர்க்கு ஒருவர் காலால் நடந்து சென்றவர். இத்துணைப் பேரும் பாராது நடந்தோர் என்று கூறிவிடுதல் அறிவுடைமையாகாது. பௌதிக நூல் பயிலும் மாணவர் தாமே கணக்கிட்டு இதனைத் தெளியலாம்.

ஓட்டுநர் ஒருவர் தம்முன் பதின்மூன்றரை மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் சாலையில் இறங்கக் காண்கின்றார் எனக் கொள்வோம். கண்டதை மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதித்தற்கு ஒரு வினாடி செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி அவ்வொரு வினாடியில் 8 மீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓடும். பின்னர், உலர்ந்த நல்ல சாலையில், பிரேக்கின் வலிமையால் இன்னும் 5 மீட்டர் அளவு சென்று, ஆக 13 மீட்டர் அளவில் நின்றுவிடும், சிறுவன் பிழைத்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டியோ, அவ்வொரு வினாடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். முற்றும் நிற்பதற்கு 28 மீட்டர் வேண்டும். அஃதாவது, பிரேக்குப் பற்றுதற்கு முன்னரே, வேகம் சிறிதும் குறையாத வண்டி சிறுவன்மேல் மோதும். மேலும், இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகுவதாதலின், இம்மோதல் 30 கிலோமீட்டர் வேகத்து மோதலினும் ஏறக்குறைய 2.8 மடங்கு வலியது. இரு நிலையிலும் ஓட்டுநர் கவனம் ஒன்றே. சிறுவன் கவனமும் ஒன்றே. வேறுபட்டது வேகம் மட்டுமே.

ஆதலின், தெருவில் உயிர் காக்கும் முதல் மருந்து வேகத்தை அடக்குதலே என்பது போதரும். அதனை அறிவிப்புப் பலகை மட்டும் செய்துவிடாது. அகன்று நேரே செல்லும் வெறுஞ்சாலை ஓட்டுநரை விரையத் தூண்டும். குறுகிய தடமும் ஒடுங்கிய திருப்பமும் அவரை அறியாமலே மெல்லச் செலுத்தச் செய்யும். நெறிப்படுத்தும் ஆசான் தெருவின் அமைப்பே என்க.

இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தொலைநாடு செல்ல வேண்டா. மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றனை ஒன்று சூழ அமைந்துள்ளன. விழாக்காலத்து உலாவிற்குரிய வீதிகளின் வேகம், மாந்தர் கால்களின் வேகமே. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும் நாளில், மோட்டார் வண்டிகள் விலகி நிற்க, வீதி நடப்பார்க்கே உரியதாகின்றது. கோயிலை அடுத்த சித்திரை வீதிகளோ, கல் பாவி நடப்பார்க்கென்றே விடப்பட்டுள்ளன. கோயிலை அடைவார்க்குக் கிடைத்த இக்காப்பு, வில்லாபுரத்துப் பள்ளியை அடைவார்க்கு ஏன் கிடைத்தலாகாது என்பதே எம் வினா.

இனி, செய்யத்தக்கன யாவை எனின், முதலாவது நடைபாதை. அதன் தடையற்ற அகலம் 1.8 மீட்டரிற் குறைதலும், உயரம் 15 சென்டிமீட்டரின் மிகுதலும் கூடா என்பது 2012-ஆம் ஆண்டில் இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த நெறி. முழங்கால் உயரத்திற்கு எழுப்பிய நடைபாதை முதியோர்க்கு நடைபாதையன்று, திண்ணையே. அவர் அதில் ஏறமாட்டாது சாலையிலேயே நடப்பர். இரண்டாவது, பள்ளிகளின் முன்னும் பேருந்து நிறுத்தங்களிலும், நடைபாதை மட்டத்திற்கு உயர்த்தி அமைத்த கடக்குமிடம். அதுவே வேகத்தடையாகவும் பயன்படும். மூன்றாவது, வண்டிகள் விரையும் பெருஞ்சாலையில் மிதிவண்டிக்குத் தனித்தடம். உட்தெருக்களில் யாவர்க்கும் பொதுவாய 30 கிலோமீட்டர் எல்லை.

‘சாலையோ குறுகியது, இவற்றிற்கெல்லாம் இடம் ஏது?’ என்று வினவுவாரும் உளர். அவர் தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின், இயங்காது நிற்கும் வண்டிகள் பகல் முழுதும் கொண்டிருக்கும் இடத்தை முதற்கண் அளந்து பார்த்தல் வேண்டும். பூ விற்கும் மகளையும் பழவண்டிக்காரரையும் துரத்துதல் இதற்குத் தீர்வன்று. அவர்க்கும் தெருவில் பிழைப்பு உண்டு. அவர்க்குரிய இடத்தை வரையறுத்து அளித்தற்கு 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் வழிவகுத்துள்ளது.

பிற நாட்டார் இந்நிலையைக் கடந்தமையும் நாம் அறிதற்குரியது. 1971-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டுச் சாலைகளில் மாண்டோர் ஏறக்குறைய 3,300 பேர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் திரண்டு முறையிட்டனர்; தெருக்கள் திருத்தப்பட்டன; மிதிவண்டித் தடங்கள் பெருகின. இற்றை நாளில் அத்தொகை நான்கில் ஒரு பங்கினும் குறைவு. நம் தமிழ்நாட்டிலும் சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டில் நடப்பார்க்கும் மிதிவண்டியாளர்க்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2019-ஆம் ஆண்டில் தியாகராய நகரின் பாண்டி பஜார் அகன்ற நடைபாதைகளோடு புதுக்கப்பட்டது. கோயமுத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012-ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மே மாதம் உரைத்தது. எனவே நாம் வேண்டுவது அருளன்று, உரிமையே.

மிதிவண்டி நம் நாட்டில் வெறும் ஊர்தியன்று. 1991-ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக எழுத்தறிவு பெற்ற மகளிர் பல்லாயிரவர், மிதிவண்டியும் கற்றுத் தம் கால் கொண்டு உலகிற் புகுந்தனர். பின்னர் அரசு பள்ளி மாணவியர்க்கும் மாணவர்க்கும் விலையின்றி மிதிவண்டி அளித்தது. வண்டியை அளித்த நாடு, அது செல்லும் வழியை அளிக்கவில்லையேல் பயன் என்னை? சாலையை அஞ்சிய தாய் மகளை வீட்டில் நிறுத்துவாளாயின், இழப்பது ஒரு வண்டியன்று, ஒரு கல்வி.

மாணவ நண்பர்காள்! அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு நும் தெருவிற்குச் செல்லுமின். நடைபாதையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அது தடைப்பட்ட இடங்களைக் குறித்து, நகராண்மை உறுப்பினர்க்கு விண்ணப்பம் செய்யுமின். நும்முள் நாளைப் பொறியாளர் ஆவாரும், அலுவலர் ஆவாரும், வண்டி ஓட்டுவாரும் உளர். அவர் யாவரும், தெருவை வரையும்போதும் ஆளும்போதும் அதில் விரையும்போதும், பதின்மூன்றரை மீட்டர் தொலைவில் நிற்கும் அச்சிறுவனை மறவாதிருப்பாராக.