ரிஜெக்ட் பீஸும் கிராஃபீனும்



இரண்டாம் ஆண்டு ஃபவுண்டரி ஷாப்பில் நான் வார்த்த அலுமினிய பீஸை அறுத்துப் பார்த்தால், உள்ளே முழுக்க ப்ளோ ஹோல். "என்னப்பா, காஸ்டிங் கேட்டா இட்லி கொண்டு வந்திருக்கே?" என்றார் இன்ஸ்ட்ரக்டர். ஷாப்பே சிரித்தது. மார்க்கும் போயிற்று. அந்தக் கடுப்பில்தான் செமினாருக்கு 'குறையும் நன்மையே' என்று தலைப்பு எடுத்தேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் கிராஃபீன். ஒரே ஒரு அணு கனமுள்ள கார்பன் தாள். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலோவ் குழுவினர் கிராஃபைட்டிலிருந்து சாதாரண ஒட்டும் டேப்பால் உரித்தே இதை எடுத்தார்கள். இருவருக்கும் 2010-ல் நோபல் பரிசு!

இந்தத் தாளில் அணுக்களைக் குண்டுகளாகவும், பிணைப்புகளை ஸ்பிரிங்குகளாகவும் நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு மூலையைச் சூடாக்கினால் அங்குள்ள குண்டுகள் வேகமாக ஆடும். அந்த ஆட்டம் அலையாகத் தாள் முழுக்க ஓடும். இதுதான் லாட்டிஸ் அதிர்வு. இதன் சிறு சிப்பத்துக்கு ஃபோனான் என்று பெயர். தாமிரத்தில் வெப்பத்தைப் பெரும்பாலும் எலெக்ட்ரான் சுமக்கிறது. கிராஃபீனில் ஃபோனான்தான் சுமக்கிறது.

வரிசையில் ஒரு குண்டு இல்லாமல் போனால்? அலை அங்கே முட்டிச் சிதறும். குண்டு இருந்தும் எடை மாறினாலே போதும். நாம் படித்த √(k/m) நினைவிருக்கிறதா? k அதுவே, m மட்டும் வேறு. அந்த இடத்தில் ஆட்டம் மாறிவிடும். 2012-ல் வெளிவந்த ஒரு சோதனையில், கார்பன்-12 மட்டுமே உள்ள கிராஃபீன், கார்பன்-13 பாதிக்குப் பாதி கலந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தியது.

2016-ல் எலெக்ட்ரான் கற்றையால் வேண்டுமென்றே குறைகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். வெப்பக் கடத்துதிறன் சுமார் 1,800-லிருந்து 400 வாட்/மீ.கெ. ஆக, அதாவது தாமிரத்தின் அளவுக்கு இறங்கியது. அப்போது குறை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 20,000 அணுவுக்கு ஒன்று!

வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தெர்மோ எலெக்ட்ரிக் பொருளுக்கு இப்படி வெப்பத்தைத் தடுக்க வேண்டும். ஆனால் மின்சாரம் ஓட வேண்டும். சிப்பைக் குளிர்விக்கவோ குறையே கூடாது.

இதையெல்லாம் செமினாரில் முழங்கினேன். கடைசி பெஞ்சில் இருந்த அதே இன்ஸ்ட்ரக்டர் எழுந்தார். "சரிப்பா, குறை எத்தனைன்னு எப்படி எண்ணுவே?" எனக்கு நா ஒட்டிக்கொண்டது.

விடை பிறகுதான் கிடைத்தது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த ராமன் விளைவுதான் அது! லேசர் ஒளியைப் பாய்ச்சினால், கிராஃபீனில் 1,580 செ.மீ⁻¹ அருகே 'ஜி' முகடு எப்போதும் வரும். 1,350 அருகே வரும் 'டி' முகடோ, குறையோ ஓரமோ இருந்தால்தான் தலைகாட்டும். இரண்டின் உயரத்தை ஒப்பிட்டுக் குறைகளைக் கணக்கிடலாம்.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். சிரித்தார். "அவங்க எண்ணிப் போட்ட ஓட்டைப்பா அது. உன்னோடது தானா விழுந்தது. எண்ணத் தெரிஞ்சா கண்ட்ரோல், தெரியலேன்னா ரிஜெக்ட்."

நண்பர்களே, என் பீஸ் இன்னும் ரிஜெக்ட்தான். ஆனால் இப்போது மோல்டில் உலோகம் ஊற்றுமுன் மணலின் ஈரத்தைச் சோதித்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்!