அம்மா ஏன் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்?

முதியோர் நலம்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அப்பா தவறிய பிறகு, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு திருப்பூருக்கு வந்துவிட்டார். ஊரில் இருந்தவரை மூன்று வேளையும் சோறு, மாத்திரை நினைவிருந்தால் போடுவார். இங்கே வந்ததும் எல்லாவற்றையும் என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். சோற்றைப் பாதிக்கு மேல் குறைத்தேன். இரவு ஏழு மணிக்கு ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, அவ்வளவுதான். மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பிரஷருக்கு மெட்டோபுரோலால். 9-க்கு மேல் இருந்த மூன்று மாதச் சர்க்கரை இப்போது 6.2. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் அம்மா தலையணைக்கு அடியில் வெல்லக்கட்டியும் பிஸ்கட்டும் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார். கேட்டால் கோபம், இல்லையென்றால் அழுகை. விடியற்காலையில் புடவை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. சில நாள் என்னையே யாரோ போலப் பார்க்கிறார். போன மாதம் பாத்ரூம் போகிற வழியில் விழுந்துவிட்டார். மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா? வாயைக் கட்ட முடியாதவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
(வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் அம்மாவிடம் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் அவருக்குச் சர்க்கரை அளவு மிகவும் இறங்குகிறது என்றே சந்தேகப்படுகிறேன். விடிகாலை வியர்வை, குழப்பம், விழுந்தது, இனிப்பைத் தேடி ஒளித்து வைப்பது எல்லாமே ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. இன்று இரவு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே அவருடைய மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். "சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். "விடியற்காலையில் வியர்க்கிறது, ஆள் தெரியாமல் பார்க்கிறார், ஒருமுறை விழுந்துவிட்டார்" என்று தொடங்குங்கள்.

இது எப்படி நேர்ந்தது என்று பாருங்கள். 9-க்கு மேல் இருந்தபோது மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருப்பார். அவர் அந்த அளவை எழுதியது யாருக்கு? மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு, பாதி நாள் மாத்திரையை மறந்துவிட்ட அம்மாவுக்கு. சீட்டில் இருக்கிற மாத்திரையெல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். இப்போது நீங்கள் ஒரு வேளைகூட விடாமல் கொடுக்கிறீர்கள், சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டீர்கள். மாத்திரையின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. இரண்டையும் அக்கறையோடுதான் செய்தீர்கள். ஆனால் அந்த மாற்றத்தை மருந்துச் சீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து பார்த்துக்கொள்ளும் பல வீடுகளில் இது நடக்கிறது. ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கியதுமே மருந்தின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று மருந்தில் கிளிமிபிரைடுதான் இங்கே முக்கியம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒரு நாள் முழுவதும்கூட அதன் வேகம் இருக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் இன்னும் நீளலாம். ஏழு மணிக்குக் குடித்த கஞ்சி சீக்கிரம் செரித்துவிடுகிறது. மறுநாள் காலைவரை வயிறு காலி, மருந்து மட்டும் விழித்திருக்கிறது. இளைஞர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே தெரிந்துவிடும். வயதானவர்களுக்குப் பல நேரம் குழப்பம், எரிச்சல், குழறல், தள்ளாட்டம் என்றுதான் வெளிப்படும். மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. ஆகவே நனைந்த புடவையை அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் விடிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை பாருங்கள், வியர்க்கும்போதெல்லாம் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 54-க்குக் கீழே ஆபத்து. எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அறிகுறி இருந்தால் சர்க்கரை இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள்.

தலையணைக்கு அடியில் இனிப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் அது வெல்லமாக இருந்தால் போதாது. அம்மா சாப்பிடும் வோக்ளிபோஸ், சீனியையும் மாவுச்சத்தையும் குடல் உடைத்து உறிஞ்சுவதைத் தாமதப்படுத்துகிற மருந்து. சர்க்கரை இறங்கிய நேரத்தில் சீனியோ வெல்லமோ பிஸ்கட்டோ கொடுத்தால் உடனே ரத்தத்தில் ஏறாது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியை வாங்கி, கட்டில் அருகிலேயே வையுங்கள். சுமார் 15 கிராம், அதாவது குவியலாக மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். குளுக்கோஸ் கைவசம் இல்லாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி தேன் கொடுக்கலாம். தெளிந்த பிறகு இட்லியோ பால்சோறோ சாப்பிட வையுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கிளிமிபிரைடு வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, தெளிந்த சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம். "இப்போது நன்றாகப் பேசுகிறாரே" என்று வீட்டிலேயே விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மருந்தை நீங்களாகவே முழுவதும் நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைக்கலாமா, குறிப்பாக இரவில்? சாப்பிட முடியாத வேளையில் எந்த மாத்திரையை விட வேண்டும்? அதைச் சீட்டிலேயே எழுதித் தர முடியுமா? தனியாகக் கொடுத்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடாத மருந்துகள் உண்டு. மெட்பார்மின் ஒன்று, 'கிளிப்டின்' என்று முடியும் பெயருள்ள மாத்திரைகள் இன்னொரு வகை. கிளிமிபிரைடின் குடும்பத்தில் பழைய மருந்தான கிளிபென்கிளமைடை 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. காரணம் இதே தாழ்சர்க்கரைதான். உங்கள் வீட்டில் வேறு யாராவது அதைச் சாப்பிட்டால் அதையும் கேட்டுவிடுங்கள்.

6.2 என்ற எண்ணை எல்லோரும் பாராட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது நல்ல எண். எழுபதைத் தாண்டி, வேறு பெரிய நோயில்லாமல் நடமாடுகிறவர்களுக்கு 7 முதல் 7.5-க்குள் இருந்தால் போதும் என்றும், பல நோய்கள் உள்ளவர்களுக்கு 8-க்குள் இருக்கலாம் என்றும் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தால் தீங்கு செய்ய ஆண்டுகள் ஆகும். இறங்கினால் ஓர் இரவு போதும்: இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்துவிட்டால் எழுவது கடினம். இந்த வயதில் என் பயம் எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். மறதி நோயா என்பதையும் இப்போது முடிவு செய்ய வேண்டாம். இரவுச் சர்க்கரை சரியாகி இரண்டு மூன்று மாதம் போன பிறகும் குழப்பம் இருந்தால் அப்போது பார்க்கலாம்.

இனி சாப்பாடு. காவிரிக் கரையில் எழுபது ஆண்டு சோறு சாப்பிட்டவருக்கு ஒரேயடியாக அதைப் பிடுங்கியது, சர்க்கரையைவிட மனதைத்தான் வருத்தியிருக்கும். சோற்றைத் திருப்பிக் கொடுங்கள். மதியம் ஒரு கப் சோறு, அதே அளவுக்குக் கீரை அல்லது பொரியல், கெட்டியான பருப்பு, ஒத்துக்கொண்டால் முட்டையோ மீனோ. பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், சோறு பின்னால் வரட்டும். சப்பாத்திக்கு மாறினால் சர்க்கரை குறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மூன்று சப்பாத்தியிலும் ஒரு கப் சோற்றிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். கேழ்வரகு நல்ல தானியம், ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சரசரவென ஏறி சரசரவென இறங்கும். அதையே முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் மெதுவாகச் செரிக்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சீனியைப் போலவே ஏற்றும்.

இந்த வயதில் நான் சோற்றைவிட அதிகமாகக் கவலைப்படுவது தசையைப் பற்றி. அரிசியைக் குறைத்த இடத்தை எதனால் நிரப்பினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை எதுவும் கூடாமல் சோறு மட்டும் குறைந்தால் அம்மா மெலிவார், தொடைத் தசை கரையும், மறுபடி விழுவார். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் வேளைக்கு ஒன்றாவது இவற்றில் இருக்கட்டும். பல் இல்லையென்றால் சுண்டலை மசித்துக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பருப்பு நிறைய போட்ட சாம்பார். படுக்கும் முன் அரை டம்ளர் பால். ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்பவரா என்று கேளுங்கள். நம் அம்மாக்கள் பட்டினி கிடந்துகொண்டே மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார்கள். சர்க்கரைக்கு என்று யாராவது பச்சிலைப் பொடி கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

என்ன சமைப்பது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். பேத்திக்குப் பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு இனிப்பை எல்லோர் முன்னாலும் அவர் கையில் கொடுங்கள், அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். அவரை நம்புகிறீர்கள் என்று தெரிந்தால் இரவில் உடம்புக்கு என்ன செய்கிறது என்று உங்களிடம் சொல்வார். அது எனக்கும் உங்கள் மருத்துவருக்கும் எந்தப் பரிசோதனையைவிடவும் பயன்படும்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிராமம். இன்சுலின் போடுகிறார். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பேனா ரிப்பேர் ஆனதால் அதன் மருந்தைச் சாதாரண ஊசியில் உறிஞ்சிப் போடுவதாகப் போனில் சொன்னார். நான் வெளிநாட்டில் இருக்கிறேன். இது சரியா?
(வாசகர், துபாய்)

பதில்: உடனே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனாவில் இருப்பது ஒரு மில்லியில் 100 யூனிட். சிவப்பு மூடி ஊசியில் பேனா மருந்தை உறிஞ்சி 10 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். அந்த அளவு ஒரு முதியவரைக் கொன்றுவிடக்கூடும். புதுப் பேனா வாங்கும்வரை என்ன செய்வது என்று மருத்துவரைக் கேட்டு, குப்பியும் அதற்குரிய ஊசியும் ஒன்றாக எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ் இல்லாதது பெரிய பிரச்சினை இல்லை. ஒரு பெரிய மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன மண்குடுவையை வைத்து, குப்பியைப் பாலித்தீன் பையில் நனையாமல் சுற்றி உள்ளே வைக்கலாம். நிழலான இடமாக இருக்க வேண்டும், மணல் காயக் கூடாது. பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் இருப்பு வாங்க வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்ய உறவினர் யாரையாவது அனுப்புங்கள். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் ஊசி போடுவதைப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்திருந்தால் அங்கே மருந்து சரியாக இறங்காது, இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வாக்கிங் நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அப்பா நிறுத்திவிட்டார். கால் வேறு மரத்துப்போகிறது என்கிறார்.
(வாசகர், மதுரை)

பதில்: மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. வேறு காரணத்தால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும் என்பதால் அளவைக் குறைப்போம்; வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் நிறுத்துவோம். இந்தக் கணக்கைத்தான் யாரோ தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாட்களில் மட்டும் மாத்திரை போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை காரணமாக இருக்கலாம். நெடுநாள் மெட்பார்மின் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை, குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும். அதுவரை பாதத்தை இரவில் ஒருமுறை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றி, கொப்புளத்தை மறுநாள்தான் பார்த்தவர்கள் என்னிடம் வருகிறார்கள். அப்பா கோயிலுக்குப் போவதென்றால் காலை எட்டு மணிக்குள் போய்வரட்டும்.