பழைய வண்டிக்கு எந்த ஆயில்?

பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் என்று ஒரு பகுதி உண்டு. நிழல் தரும் மரங்களும் பழைய வீடுகளும் ஒரு பூங்காவும் உள்ள இடம். பக்கத்தில் குக் டவுன், பிரேசர் டவுன். இங்கே தமிழ் பேசும் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்கின்றன.

இந்தப் பகுதியில் ஒரு பிக்கப் வண்டிக்காரர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் சிவாஜி நகர் ரசல் மார்க்கெட்டுக்குப் போவார். காய்கறி ஏற்றுவார். கடைகளிலும் ஓட்டல்களிலும் இறக்குவார்.

அவருடையது பழைய டீசல் வண்டி. வேறொருவர் ஓட்டியதை வாங்கினார். அதற்காக அவர் மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்தார். மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

ஆயில் மாற்றும் நாள் வந்தது. ஒரு நண்பர் சொன்னார்:

"சிந்தெடிக் ஆயில் ஊத்துப்பா. இன்ஜின் புதுசு மாதிரி ஓடும்."

இன்னொரு நண்பர் பயமுறுத்தினார்:

"பழைய இன்ஜினுக்கு அது ஆகாது. கண்ட இடத்தில் ஒழுகும். ஒரு தடவை ஊற்றினால் மறுபடி சாதா ஆயிலுக்கு வர முடியாது."

யார் சொல்வது சரி? கணவனும் மனைவியும் மெக்கானிக்கிடம் போனார்கள்.

ஆயிலின் வேலை

"அண்ணே, சிந்தெடிக் ஆயில் என்றால் என்ன?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

மெக்கானிக் பொறுமையாக விளக்கினார்.

"இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது ஆயில். அது சூட்டைத் தணிக்கும். அழுக்கையும் கரியையும் அரித்துக்கொண்டு வரும். துரு பிடிக்காமல் தடுக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

"சாதா ஆயில், பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து வருவது. அது சலிக்காத ரவை மாதிரி. பெரிய துகளும் சிறிய துகளும் கலந்திருக்கும். சிந்தெடிக் ஆயிலைத் தொழிற்சாலையில் ரசாயன முறையில் தயாரிக்கிறார்கள். அது சலித்த ரவை மாதிரி. துகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அதனால் அதிகச் சூட்டிலும் சீக்கிரம் கெடாது. குளிரிலும் எளிதாக ஓடும்."

"நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லையே?" என்று மனைவி கேட்டார்.

"சரியாகக் கேட்டாய், அம்மா. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆயில் உறையும் குளிர் இங்கே இல்லை. இங்கே இன்ஜினுக்குத் தொல்லை நெரிசல்தான். பாரம் ஏற்றிய வண்டி நின்று நின்று போகும். சூடு ஏறும். அந்த இடத்தில் சிந்தெடிக் ஆயில் உதவும்."

ஒழுகும் என்ற பயம்

1970-களில் கார்களுக்கான சிந்தெடிக் ஆயில் கடைகளுக்கு வந்தது. அந்தக் காலத்து ஆயில் சில, இன்ஜினின் ரப்பர் சீல்களைச் சுருக்கின. ஆயில் கசிந்தது. பிறகு தயாரிக்கும் முறை மாறிவிட்டது. பழைய பேச்சு மட்டும் மாறவில்லை.

நல்ல சீலை இன்றைய சிந்தெடிக் ஆயில் கெடுக்காது. ஆனால் சீல் முன்பே தேய்ந்திருக்கலாம். அந்த ஓட்டையைக் கெட்டி அழுக்கு அடைத்திருக்கலாம். ஆயில் அழுக்கைக் கரைத்தால் கசிவு வெளியே தெரியும். குறை சீலில் இருக்கிறது.

சிந்தெடிக் ஊற்றிய பிறகு சாதா ஆயிலுக்குத் திரும்பலாம். அவசரத்துக்கு இரண்டையும் கலக்கவும் செய்யலாம். அதனால் இன்ஜின் கெடாது. வண்டிக்கு உரிய ரகமாக மட்டும் இருக்க வேண்டும்.

முதலில் சோதனை

மெக்கானிக் உடனே ஆயிலை மாற்றவில்லை. முதலில் நான்கு சோதனை செய்தார்.

1. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். கறுப்பாகக் கூழ் போலப் படிந்திருந்தால், முன்பு ஓட்டியவர் காலத்தில் ஆயில் மாற்றவில்லை என்று பொருள்.

2. ஆயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். வண்டி சமதரையில் நின்றது. இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் ஆகியிருந்தது. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது ஆபத்து.

3. புகையைப் பார்த்தார். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது.

4. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அட்டையில் ஆயில் சொட்டியிருந்தது. பின்பக்க சீல் தேய்ந்திருந்தது.

டப்பாவில் உள்ள எழுத்து

மனைவி வண்டியின் கையேட்டை எடுத்து வந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்ணைப் படிக்க அவருக்குத் தெரியும். கையேட்டில் "15 டபிள்யூ 40" என்று இருந்தது.

முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்லும். எண் குறைந்தால் சுலபமாக ஓடும். இரண்டாம் எண், சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று சொல்லும். எண் கூடினால் கெட்டி கூடும். டப்பாவில் இன்னொரு குறியும் உண்டு. "சி" என்று தொடங்கினால் டீசல் வண்டிக்கு. "எஸ்" என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு. கையேடு சொல்லும் எண்ணும் குறியும் டப்பாவில் இருக்க வேண்டும். சிந்தெடிக் ஆனாலும் சாதா ஆனாலும் இதுதான் விதி.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நாடெங்கும் வந்தது. அதன்பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயில் வேண்டும்.

மனைவி போட்ட கணக்கு

ஓர் உதாரணம் பாருங்கள். இன்ஜினுக்கு 5 லிட்டர் ஆயில் வேண்டும். சாதா ஆயில் லிட்டர் 350 ரூபாய். சிந்தெடிக் 750 ரூபாய்.

சாதா: 5 × 350 = 1,750 ரூபாய்.
சிந்தெடிக்: 5 × 750 = 3,750 ரூபாய்.
வித்தியாசம்: 2,000 ரூபாய்.

சிந்தெடிக் ஊற்றினால் இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாம் என்று கையேடு சொன்னால், செலவு ஏறக்குறைய சமமாகிவிடும். கையேடு சொல்லாமல் நாமாகத் தூரத்தைக் கூட்டக்கூடாது.

"சொட்டுகிற இன்ஜினில் விலை கூடிய ஆயிலை ஏன் ஊற்ற வேண்டும்? அந்த 2,000 ரூபாயை முதலில் சீலுக்குக் கொடுப்போம்" என்றார் மனைவி. மெக்கானிக் தலையசைத்தார்.

சீலை மாற்றினார்கள். சரியான ரகத்தில் சாதா ஆயில் ஊற்றினார்கள். பில்டரும் புதிது. உள்ளே இருக்கும் அழுக்கு மெல்ல வெளியேற வேண்டும். அதனால் இந்த ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ மெக்கானிக் சம்மதிக்கவில்லை. அழுக்கு ஒரேயடியாகப் பெயர்ந்து, ஆயில் போகும் வழியை அடைத்துவிடும் என்றார். கசிவு நின்றால் அடுத்த முறை சிந்தெடிக் ஊற்றலாம்.

காலி டப்பாவை மெக்கானிக் ஆணியால் குத்தி ஓட்டை போட்டார். நல்ல டப்பா கிடைத்தால் போலி ஆயிலை நிரப்பி விற்பார்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டவில்லை. பெங்களூரின் ராஜகால்வாய்கள் ஏரிகளுக்குப் போகின்றன. பழைய ஆயில் ஆபத்தான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் அது போக வேண்டும். அதைக் கையில் படவிடுவதும் தோலுக்குக் கெடுதல்.

அன்று இரவு மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் எண், செலவு ஆகியவற்றை எழுதினார். ரசீதையும் அதில் ஒட்டினார். முன்பு ஓட்டியவர் இப்படி எழுதி வைக்கவில்லை. இனி இந்த வண்டிக்குக் கணக்கு உண்டு.

பயிற்சி

1. உங்கள் வண்டியின் கையேட்டில் ஆயில் எண் என்ன? எழுதுங்கள்.
2. ஆயில் பால் போல இருந்தால் என்ன பொருள்?
3. 6 லிட்டர் ஆயிலுக்கு மேலே சொன்ன விலைப்படி கணக்குப் போடுங்கள்.
4. உங்கள் ஊரில் பழைய ஆயிலை எங்கே கொட்டுகிறார்கள்? குழுவில் பேசுங்கள்.