நித்திரைக் குளிசைகள்: அறிந்து எடுப்போம், அளவோடு நிறுத்துவோம்

நித்திரையின்மை எமது சமூகத்தில் அரிதானதொரு குறை அன்று. இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்புவோர், பிள்ளைகளுடன் வாழ்ந்தும் பகல் முழுவதும் தனித்திருக்கும் முதியோர், போரின் நினைவுகளால் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்போர் எனப் பலரையும் அது வருத்துகின்றது. இவர்களுட் சிலருக்கு வைத்தியர் குறுகிய நேரம் செயற்படும் நித்திரைக் குளிசையை எழுதித் தருவதுண்டு. அக்குளிசை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

குளிசை செயற்படும் முறை

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் இத்தேவைக்காக எழுதித் தரும் மருந்துகளுள் சோபிகுளோன், சோல்பிடெம் ஆகிய இரண்டும் முதன்மையானவை. மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் இயற்கையான வேதிப்பொருளின் செயலை இவை வலுப்படுத்துகின்றன. சோபிகுளோனின் வழக்கமான அளவு 7.5 மில்லிகிராம், முதியோருக்கு 3.75 மில்லிகிராமில் தொடங்குவர். சோல்பிடெமின் அளவு 10 மில்லிகிராம். முதியோருக்கு 5 மில்லிகிராம்.

'குறுகிய நேரம்' என்னும் சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். உடலில் சோல்பிடெமின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், சோபிகுளோனுக்கு ஏறத்தாழ 5 மணி நேரமும் செல்லும். எனவே இரவு 11 மணிக்குச் சோபிகுளோன் எடுத்தவரின் உடலில், காலை 7 மணிக்கும் அதில் மூன்றிலொரு பங்களவு எஞ்சியிருக்கக்கூடும். முதியோரிடத்தும் ஈரல் நோயுடையோரிடத்தும் இது மேலும் நீடிக்கும். காலையில் தோன்றும் மயக்கம், தள்ளாட்டம், மறதி ஆகியவற்றுக்கு இதுவே காரணம். வாயில் கசப்பான உலோகச் சுவை தோன்றுவதும் சோபிகுளோனின் அறியப்பட்ட பக்கவிளைவே.

கடந்த காலம் தந்த பாடம்

ஹால்சியன் என்னும் பெயரில் விற்பனையான டிரையசோலம், உடலை விட்டு மிக விரைவாக நீங்கும் மருந்து என்பதால் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. எனினும் மறதி, மனச்சோர்வு போன்ற உளப் பாதிப்புகள் குறித்த ஐயங்கள் வலுத்தமையால், பிரித்தானியா 1991 ஒக்டோபரில் அதன் உரிமத்தை இடைநிறுத்தியது. 1993இல் அது முற்றாக விலக்கப்பட்டது. விரைவில் நீங்கும் மருந்து தீங்கற்ற மருந்தாகிவிடாது என்பதே இதன் பாடம்.

இதற்கு முன்னரே, 1988இல், பென்சோடயசபீன் வகை மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுத்தல் ஆகாதென இந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. சோபிகுளோனும் சோல்பிடெமும் இன்றும் ஆகக் கூடியது 4 வாரங்களுக்கே உரியவை. அளவைக் குறைத்து நிறுத்தும் காலமும் அதனுள் அடங்கும். உங்கள் வைத்தியர் மீண்டும் எழுதித்தர மறுப்பாராயின், அது உங்களைப் புறக்கணிப்பதன்று; உங்களைக் காப்பதேயாகும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

• படுக்கைக்குச் செல்லும் வேளையில் மட்டுமே எடுங்கள். அதே இரவில் இரண்டாவது குளிசை எடுத்தல் ஆகாது.
• மதுவுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கோடீன், டிரமடோல், பிரிகபலின் போன்ற மருந்துகளை எடுப்போர் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும். இவை ஒன்றுசேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவு மந்தமாகலாம்.
• உரத்த குறட்டையுடன் நித்திரையில் மூச்சுத் தடைப்படுபவர்கள், சுவாச நோயோ கடும் ஈரல் நோயோ உடையவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் அதனை வைத்தியரிடம் தெரிவித்தல் அவசியம்.
• முதியோர் இரவில் எழும்போது விழுந்து எலும்பு முறியும் அபாயம் உண்டு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியில் சிறு விளக்கொன்று எரியட்டும்.
• நித்திரையில் நடத்தல், உண்ணுதல், நினைவின்றி வாகனம் ஓட்டுதல் ஆகியன நிகழ்ந்தால் மருந்தை மேலும் எடுக்காது உடனே வைத்தியரை நாடுங்கள்.

சட்டம் கூறுவது

சோல்பிடெமைப் போலவே சோபிகுளோனும் 2014 ஜூன் முதல் 'சி' வகுப்புக் கட்டுப்பாட்டு மருந்தாக உள்ளது. ஆகவே 'எனக்கு நல்ல பலன் தந்தது, நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்கள்' என அயலவருக்கோ உறவினருக்கோ கொடுப்பது, அன்பினாற் செய்யப்படினும், குற்றமாகும். அதற்கான மருந்துச் சீட்டு 28 நாட்களுக்கே செல்லுபடியாகும். எஞ்சிய குளிசைகளை வீட்டில் சேர்த்து வைக்காது மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

மருந்தின் மயக்கத்தில் வாகனம் ஓட்டுவது, அம்மருந்து வைத்தியரே எழுதித் தந்ததாயினும், குற்றமே. 2015 மார்ச் 2 முதல், டெமசெபாம் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு இரத்தத்தில் இருக்கக்கூடிய எல்லை அளவும் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது. சோல்பிடெம் எடுத்தபின் குறைந்தது 8 மணி நேரம் வாகனம் ஓட்டக்கூடாது. அதிகாலையில் வாகனம் ஓட்டித் தொழில் செய்வோர் இதனை வைத்தியரிடம் முதலிலேயே கூறுதல் நன்று.

நிறுத்துதல்

பல மாதங்களாக எடுத்து வருவோர் திடீரென நிறுத்துதல் கூடாது. நித்திரையின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும். பதற்றமும் நடுக்கமும் தோன்றலாம். வைத்தியருடனோ மருந்தாளருடனோ திட்டமிட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்தலே முறை.

குளிசையின்றி நித்திரையை மீட்டல்

நீடித்த நித்திரையின்மைக்கு முதற்கண் பரிந்துரைக்கப்படுவது குளிசை அன்று. நித்திரை பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் உளச் சிகிச்சையே. தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் 18 வயதுக்கு மேற்பட்டோர் தாமாகவே விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை.

வீட்டிலேயே தொடங்கக்கூடியவையும் உள. எந்நேரம் உறங்கினாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுங்கள். இருபது நிமிடமளவில் நித்திரை வராவிடின் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, நித்திரை வரும்போது திரும்புங்கள். பிற்பகலுக்குப் பின் தேநீரையும் கோப்பியையும் தவிருங்கள். இலங்கையில் விடியும் வேளையில் இங்கு நள்ளிரவு. ஊர் உறவுகளுடனான உரையாடலை எமது மாலை நேரத்திற்கு மாற்றுவது இயலாதாயின், வார இறுதியின் முற்பகலுக்கு மாற்றலாம்.

எங்கு உதவி பெறலாம்?

வைத்தியருடன் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்கச் செய்வதைத் தவிருங்கள். அவர்கள் முன் கூறமுடியாத துயரமே நித்திரையைக் கெடுத்திருக்கவும் கூடும். போர்க்காலக் கொடுங்கனவுகளும் மனச்சோர்வும் குளிசையால் மறையுமேயன்றித் தீரா. அவற்றுக்குத் தனியான சிகிச்சை உண்டு.

அவசரமற்ற ஆலோசனைக்கு 111ஐ அழைக்கலாம். அளவுக்கு மீறிக் குளிசை எடுத்த ஒருவரை எழுப்ப இயலாவிடின், தாமதியாது 999ஐ அழையுங்கள். வாழ்வே வேண்டாமெனத் தோன்றும் இரவுகளில் 116 123 என்னும் எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பினருடன் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.