சிப்பின் மேல் பழி போடாதீர்கள்

"பிரிண்ட்எஃப் வரி இருந்தா ஓடுது சார், எடுத்தா நின்னுடுது. சிப் டூப்ளிகேட்."

காரைக்குடியில் புராஜெக்ட் சமயம் வந்துவிட்டால் இந்தப் பேச்சுதான். ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறது. 1953 முதல் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் ஊர் இது. பிள்ளைகள் செய்யும் போர்டுகளில் பேட்டரி லாகர் கட்டாயம் இருக்கும். செல்லின் வோல்டேஜை அளக்கும், ஈப்ராமில் எழுதும், யுஆர்ட் வழியாக ஒரு வரி அனுப்பும், மறுபடி அளக்கும். எல்லாம் சரியாக ஓடியபின் ரிவ்யூவுக்கு முதல் நாள் அந்த பிரிண்ட்எஃப் லாக் வரியை எடுப்பார்கள். ஈப்ராமில் பாதிப் பதிவு காணாமல் போகும். உடனே சிப்பின் மேல் பழி!

போலி சிப் சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ப்ளூ பில் போர்டுகளில் நிறையவே வருகிறது. டீபக்கரை மாட்டினால் சிப் தன் அடையாள எண்ணைச் சொல்லும். அந்தப் போர்டில் இருக்க வேண்டிய அசல் எஸ்டிஎம்32எஃப்103-இல் அது 1-இல் தொடங்கும். 2-இல் தொடங்கினால் வேறு கம்பெனிச் சரக்கு. 1-இல் தொடங்கும் போலிகளும் உண்டு. ஆனால் அசலோ போலியோ, ஒரு லாக் வரியை நீக்கியதும் ஈப்ராம் பதிவு தவறினால் முதலில் பார்க்க வேண்டியது நேரக் கணக்கை. அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

கணக்கு சின்னது. 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக 10 பிட், அதாவது சுமார் 87 மைக்ரோ செகண்ட். 72 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது 6250 கிளாக் சுற்று. 60 எழுத்து உள்ள வரி முழுவதும் போய்ச் சேர 5.2 மில்லி செகண்ட். ஹால் நூலகத்தின் சாதாரண அனுப்பும் ஃபங்ஷன் அதுவரை அங்கேயே காத்து நிற்கும். இப்போது 24சி02 ஈப்ராமின் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்: ஒரு முறை எழுதியபின் உள்வேலை முடிய 5 மில்லி செகண்ட் வரை ஆகலாம், அதுவரை ஐ2சி-யில் கூப்பிட்டால் பதில் தராது. உங்கள் லாக் வரி அந்த ஐந்து மில்லி செகண்டைத் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. வரியை எடுத்தீர்கள், தானம் நின்றது. எழுதும் ஃபங்ஷன் 'பிழை' என்று திருப்பிச் சொன்னதை உங்கள் கோடு வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஈப்ராம் தயாரா என்று கேட்டுவிட்டு எழுதினால் தீர்ந்தது.

இந்தத் தவறு கண்ணில் படவே லாக்கை டிரேஸ் பின் வழியே அனுப்புங்கள் என்கிறேன். கார்டெக்ஸ் எம்3, எம்4, எம்7 சிப்புகளில் ஐடிஎம் என்ற தனிப் பகுதி வழக்கமாக இருக்கும். அதன் ரிஜிஸ்டரில் எழுத்தைப் போட்டால் எஸ்டபிள்யூஓ என்ற ஒற்றைப் பின் வழியாக வெளியே போகும். 2 மெகாபிட் வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தலைப்பு பைட்டோடு சேர்த்து 10 மைக்ரோ செகண்ட். அதே 60 எழுத்துக்கு 0.6 மில்லி செகண்ட். லாக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈப்ராம் தவறுவது திரையில் தெரியும்.

"அப்ப எஸ்டபிள்யூஓ-வுக்கு நேரமே ஆகாதுல்ல?" ஆகும். உள்ளே இருக்கும் இடம் கொஞ்சம்தான்; நிரம்பிவிட்டால் அங்கேயும் காத்திருக்க வேண்டும்.

"டீபக்கரைக் கழற்றினால் தொங்கிவிடும்." அது செமிஹோஸ்டிங், வேறு சங்கதி, அது ஒவ்வொரு முறையும் சிப்பையே நிறுத்தி வைக்கிறது. ஐடிஎம்-ஐ யாரும் இயக்கிவைக்காவிட்டால் அதற்கு எழுத்து அனுப்பும் சிஎம்சிஸ் நூலக ஃபங்ஷன் பேசாமல் திரும்பி வந்துவிடும்.

"எல்லா சிப்பிலும் வரும்." வராது. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இருப்பது எம்0+. அதில் ஐடிஎம் இல்லை. அங்கே செக்கர் கம்பெனியின் ஆர்டிடி முறைக்குப் போங்கள்.

"செட் பண்ணினேன், குப்பையா வருது." பத்தில் ஒன்பது முறை கிளாக்தான் காரணம். டீபக்கரிடம் 72 என்று சொல்லிவிட்டு சிப்பை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் எப்படி வரும்?

"விலை அதிகம்." லேபில் நியூக்ளியோ போர்டு இருந்தால் போதும். அதன் எஸ்டி-லிங்க் பகுதியில் ஆறு பின் கனெக்டரின் கடைசிப் பின் எஸ்டபிள்யூஓ. இரண்டு ஜம்பரைக் கழற்றி வெளிப் போர்டோடு இணைக்கலாம். மலிவான யுஎஸ்பி குச்சி வகைகளில் பெரும்பாலும் அந்தப் பின் வெளியே வராது, வாங்குமுன் பாருங்கள்.

ப்ளூ பில்லின் ஓரத்து நாலு பின் ஹெடரிலும் எஸ்டபிள்யூஓ கிடையாது. நீளவாட்டு வரிசையில் ஏ15-க்கும் பி4-க்கும் நடுவில் பி3 என்று அச்சிட்டிருக்கும். வயரை அங்கே மாட்டுங்கள். சொந்தமாக பிசிபி போடுகிறவர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடுவதும் இதற்காகத்தான். பி3-ஐ எல்இடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். போர்டில் இரண்டு மில்லிமீட்டர் இடம் ஒதுக்கி அந்தப் பின்னுக்கு ஒரு பேட் விடுங்கள், பக்கத்திலேயே ஒரு கிரவுண்ட் பேடும் விடுங்கள். எல்இடிக்கு வேறு பின் எத்தனையோ இருக்கிறது.